ஒரு சாண் இறங்கிய கட்டில்

பெற்றோர் வைத்த பெயர் அவளுக்கு ஒன்று உண்டு. சம்பளச் சீட்டிலும் சட்டையில் குத்தியிருக்கும் அட்டையிலும் அது பத்திரமாக இருக்கிறது. ஆனால் அந்த மருத்துவமனையின் இதயப் பிரிவில் போய் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால், "அப்படி யாரும் இங்க இல்லையே" என்பார்கள். ரசமட்டம் என்று கேட்க வேண்டும். முதலில் முதுகுக்குப் பின்னால்தான் அப்படிக் கூப்பிட்டார்கள். ஒருநாள் அவளே டெலிபோனை எடுத்து, "ஐ.சி.யூ., ரசமட்டம் பேசறேன்" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து பெரிய டாக்டர் முதல் தரை துடைப்பவர் வரை முகத்துக்கு நேராகவே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளும் ஏன் என்று கேட்டதில்லை.

அந்த ஐ.சி.யூ.வில் எட்டுக் கட்டில்கள். இதய ஆபரேஷன் முடிந்து நேராக அங்கேதான் வருவார்கள். அவர்களில் ரொம்பவும் பலவீனமானவர்களுக்குக் கழுத்து நரம்பு வழியாக ஒரு மெல்லிய குழாய் உள்ளே போயிருக்கும். அது இதயத்தின் வலது பக்கத்தைத் தாண்டி, நுரையீரலுக்குப் போகும் இரத்தக் குழாயில் போய் நிற்கும். நுனியில் பட்டாணி அளவில் ஒரு பலூன். வெளியே ஒரு சின்ன சிரிஞ்சு. ஒன்றரை மில்லி காற்றை விட்டால் பலூன் உப்பி, ஒரு கிளையை அடைத்துக்கொள்ளும். அடைத்திருக்கும் அந்தச் சில நொடிகளில் மானிட்டரில் தெரியும் எண்தான், இதயத்தின் இடது பக்கம் எவ்வளவு திணறுகிறது என்பதைச் சொல்லும். எண் ஏறியிருந்தால் உடம்பில் தண்ணீர் மிதமிஞ்சிவிட்டது. இறங்கியிருந்தால் போதவில்லை. டாக்டர்கள் சலைன் விடுவதும் நிறுத்துவதும் அந்த எண்ணைப் பார்த்துத்தான்.

இவ்வளவு உதவி செய்கிற குழாய் உபத்திரவமும் செய்யும். பலூனை இறக்க மறந்தால் இரத்தம் போகாமல் நுரையீரலின் அந்த மூலை செத்துவிடும். குழாய் தானாக நகர்ந்து குறுகிய கிளையில் மாட்டிக்கொண்டிருக்கும்போது, அது தெரியாமல் காற்றை ஊதினால் இரத்தக் குழாய் கிழியும். பின்னால் நழுவி இதயத்துக்குள் விழுந்தால் துடிப்பு தாறுமாறாகும். நாள் கூடக் கூடக் கிருமி பயம் வேறு. ஆகவே ரசமட்டம் பலூனைத் தொடும் ஒவ்வொரு முறையும் பஸ் கண்டக்டர் மாதிரி வார்டு முழுக்கக் கேட்கும்படி குரல் கொடுப்பாள். "ஊதறேன்!" எண்ணைப் படிப்பாள். காற்று தானாக சிரிஞ்சுக்குத் திரும்பும்வரை காத்திருப்பாள். "விட்டாச்சு!" அந்த இரண்டாவது குரல் வராவிட்டால் எட்டுக் கட்டிலிலிருந்தும் தலை திரும்பும். நோயாளிகள்கூடப் பழகிப்போய், "என்ன சிஸ்டர், இன்னும் விடலையா?" என்று கேட்பார்கள்.

ஒருமுறை டியூட்டி டாக்டர் அவசரமாக வந்து சிரிஞ்சை எடுத்தார். ரசமட்டம் அவர் கைமேலேயே கையை வைத்துவிட்டாள்.

"ஊதாதீங்க டாக்டர். அலையைப் பாருங்க. ஊதாமலே படுத்துக்கிடக்கு."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். மேடும் பள்ளமுமாக ஓட வேண்டிய கோடு, சோம்பேறி மாதிரி நெளிந்துகொண்டிருந்தது. குழாய் ஏற்கெனவே போய் மாட்டிக்கொண்டிருந்தது. இருமச் சொன்னார்கள், புரண்டு படுக்க வைத்தார்கள், மசியவில்லை. கடைசியில் டாக்டர் குழாயைக் கொஞ்சம் வெளியே இழுத்ததும் அலை எழுந்துகொண்டது. அதற்கப்புறம் அந்த டாக்டர், சிரிஞ்சைத் தொடுவதற்கு முன்னால் மானிட்டரை ஒரு பார்வையும் ரசமட்டத்தை ஒரு பார்வையும் பார்ப்பார்.

பட்டப்பெயர் வந்த கதைக்கு வருகிறேன். அவள் கணவர் கட்டட மேஸ்திரி. கல்யாணமான புதிதில் இவள் வேலையிலிருந்து வந்து புலம்புவாள். "அந்தக் குழாயோட மறுமுனை ஒரு பிளாஸ்டிக் பெட்டியில சேருதுங்க. டிரான்ஸ்டியூசர்னு பேரு. அதை ஒரு கம்புல மாட்டியிருக்கோம். காலையில ஒரு எண் காட்டுது, சாயங்காலம் ஒண்ணு காட்டுது. ஆள் அப்படியேதான் இருக்கார். எண் மட்டும் ஏன் குதிக்குது?"

மேஸ்திரி குளித்துக்கொண்டிருந்தவர், துண்டோடு வெளியே வந்தார். மூலையில் கிடந்த டியூப் மட்டத்தை எடுத்தார். இந்தச் சுவரையும் அந்தச் சுவரையும் ஒரே உயரத்தில் எழுப்பக் கொத்தனார்கள் பிடிப்பார்களே, தண்ணீர் நிரப்பிய நீளமான டியூப், அதுதான். ஒரு முனையை அவள் கையில் கொடுத்து, மறுமுனையைத் தான் தூக்கினார்.

"உன் முனை நெஞ்சு. என் முனை பெட்டி. பெட்டி மேல போனா தண்ணி கீழ இறங்கும், எண் குறையும். பெட்டி கீழ வந்தா கூடும். தண்ணி பொய் சொல்லாதும்மா. புடிக்கிறவன் கைதான் பொய் சொல்லும். உங்க ஆளுங்க கட்டிலை ஏத்தி இறக்கறாங்க, பெட்டி அதே கம்புல தொங்குது. அப்புறம் எண் குதிக்காம என்ன செய்யும்?"

புத்தகத்தில் இரண்டு பக்கத்துக்குப் படம் போட்டு எழுதியிருந்த விஷயம், துண்டு கட்டிய மனிதர் கையில் அரை நிமிடத்தில் விளங்கிவிட்டது. மறுநாள் அவள் மேஸ்திரியின் இரண்டடி மஞ்சள் ரசமட்டம் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். ஒவ்வொரு நோயாளிக்கும் இதயம் இருக்கும் உயரத்தில், விலாப் பக்கமாகப் பேனாவால் பெருக்கல் குறி போட்டாள். அந்தக் குறிக்கும் பெட்டிக்கும் நடுவே ரசமட்டத்தைப் பிடித்து, குமிழி நடுவில் வந்து நின்றால்தான் எண்ணைப் படிப்பாள். எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆறு மாதத்தில் சிரித்தவர்கள் எல்லோரும் அதையே இரவல் கேட்டார்கள். அது கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் குடியேறியது. மேஸ்திரி மட்டும் "என் சாமான் எப்ப திரும்பி வரும்?" என்று மாதம் ஒருமுறை கேட்டுக்கொண்டே இருந்தார். அது போனது போனதுதான்.

மட்டம் பார்க்கிறவள் மனிதர்களிடமும் மட்டம் பார்ப்பாள் என்று நினைத்தால் தப்பு. வார்டில் அவளைப் போல விதியைப் பிடித்துத் தொங்குகிறவளும் இல்லை, அவளைப் போல விதியைக் காற்றில் விடுகிறவளும் இல்லை. அந்த இரண்டாவதுக்குச் சாட்சி, காலை பதினொரு மணிப் பத்து நிமிடம்.

பதினொரு மணிக்கு வீட்டார் ஒருவர் உள்ளே வந்து பத்து நிமிடம் பார்க்கலாம் என்பது சட்டம். ஆனால் ஐ.சி.யூ. கட்டில்கள் உயரமானவை. நர்சுகளின் இடுப்பு ஒடியாமல் இருக்க அப்படி வைத்திருப்பார்கள். பார்க்க வருகிறவர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கடை ஷோகேசைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போவார். அதைக் கண்டு பொறுக்காமல், சில வருடங்களுக்கு முன் ஒருநாள் ரசமட்டம் கால் மிதியை அழுத்திக் கட்டிலை ஒரு சாண் இறக்கினாள். "இப்ப தொட்டுப் பேசுங்க" என்றாள். பத்து நிமிடம் கழிந்ததும் மறுபடி ஏற்றினாள். அதிலிருந்து அது எழுதாத சட்டமாகிவிட்டது. பெரிய டாக்டருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்தார்.

இந்தச் சமயத்தில்தான் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் ஆபரேஷன் முடிந்து ஐந்தாம் கட்டிலுக்கு வந்தார். கொடிக்கம்பம் மாதிரி உயரம். கால் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவர் மனைவியோ நாலரை அடி இருந்தால் அதிகம். முதல் நாள் அந்த அம்மாள் உள்ளே வந்து கட்டிலருகே நின்றபோது தலையணைக்கு மேல் அவருடைய கொண்டை மட்டும்தான் தெரிந்தது. கையை நீட்டிப் பார்த்தார். கணவரின் முழங்கைதான் எட்டியது. அந்த முழங்கையையே தடவிக்கொண்டு நின்றார்.

ரசமட்டம் ஓடிப் போய்க் கட்டிலை இறக்கினாள். அந்த அம்மாள் முதல் வேலையாகக் கைப்பையிலிருந்து சீப்பை எடுத்துக் கணவருக்குத் தலை சீவிவிட்டார்.

"நாப்பது வருஷமா தலை கலைஞ்சு வெளிய போனதில்லை சிஸ்டர். கடிதாசு வாங்கறவங்க பயந்துடக் கூடாதுன்னு சொல்வார்."

தபால்காரர் மூக்கில் ஆக்சிஜனோடு மெல்லிய குரலில், "இவ பொய் சொல்றா. சீவலைன்னா வீட்டை விட்டு விடமாட்டா" என்றார்.

ரசமட்டத்துக்கு இருவரையும் பிடித்துப்போயிற்று. இரண்டாம் நாளும் அப்படியே. சீப்பு, காதருகே கிசுகிசு, பக்கத்து வீட்டுக்காரர்மேல் புகார், பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் தபால்காரரின் இதயத் துடிப்பு நிதானமாவதை மானிட்டரில் ரசமட்டம் பார்த்தாள். எந்த மருந்துக்கும் அப்படி அது அடங்கவில்லை.

மூன்றாம் நாள் வந்தது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கும்போது அது ஆனைக்குத் தெரிவதில்லை என்பதை யாரும் சொல்வதில்லை.

அன்று விடியற்காலை எண் இருபத்து நாலு. அதிகம். டாக்டர் நீர் பிரிய ஊசி போட்டார். தபால்காரருக்கு நன்றாகவே பிரிந்தது. பதினொரு மணிக்கு அந்த அம்மாள் வந்தார். ரசமட்டம் கட்டிலை இறக்கினாள். ஏழு நிமிடம்கூட ஆகியிருக்காது, இரண்டாம் கட்டிலில் அலாரம் அலறியது. அங்கே ஒருவருக்குக் குழாய் பின்னால் நழுவி இதயத் துடிப்பு குதித்துக்கொண்டிருந்தது. ரசமட்டம் ஓடினாள். அதைச் சரிசெய்து முடிக்க அரை மணி நேரம் பிடித்தது. அதற்குள் இன்னொரு நர்ஸ் பார்வையாளர்களை வெளியே அனுப்பிவிட்டாள். அவளுக்கு வார்டில் ரேடியோ என்று பெயர். வாய் ஓயாது, ஆனால் மனசு வெல்லம். அந்த அம்மாளைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் விட்ட ரேடியோ கட்டிலைப் பார்க்கவில்லை. தபால்காரர் அவளுடைய நோயாளியும் இல்லை.

பதினொன்றே முக்காலுக்கு ரசமட்டம் ஐந்தாம் கட்டிலுக்குத் திரும்பினாள். எண் எடுக்க வேண்டிய நேரம் தாண்டியிருந்தது. ஆணியிலிருந்த ரசமட்டத்தை இரண்டாம் கட்டிலில் வைத்துவிட்டு வந்திருந்தாள். காலையில்தானே பார்த்தோம் என்று ஒரு நினைப்பு. "ஊதறேன்!" அலை படுத்தது. எட்டு. "விட்டாச்சு!" எல்லாம் முறைப்படி.

எட்டு என்பது ரொம்பக் குறைவு. அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆனால் பொய்யான எண் வரும்போது தனியாக வருவதில்லை, நம்பும்படி ஒரு காரணத்தையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வரும். காலையில் ஊசி போட்டோம், ஏகப்பட்ட நீர் போயிற்று, ஆகவே இறங்கியிருக்கிறது. இரத்த அழுத்தமும் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டியது. அதை அளக்கும் பெட்டியும் அதே கம்பில், அதே உயரத்தில்தான் தொங்கியது. ஒரு பொய்க்கு இன்னொரு பொய் சாட்சி சொல்லிற்று.

அவள் டியூட்டி டாக்டருக்குப் போன் செய்தாள். "அஞ்சாம் கட்டில், எட்டு டாக்டர்."

"ரசமட்டம் சொன்னா சரியாத்தான் இருக்கும். நீர் ரொம்பப் போயிடுச்சு போல. அரை லிட்டர் சலைன் சீக்கிரமா விடுங்க."

அவளே மாட்டினாள். அவளே திருகினாள்.

பாதி பாட்டில் இறங்கியிருக்கும். தபால்காரர் இரும ஆரம்பித்தார். பிறகு பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்கினார். "சிஸ்டர், என்னவோ மாதிரி..." என்றவருக்கு வாக்கியத்தை முடிக்க மூச்சு இல்லை. ஆக்சிஜன் அளவு இறங்கிக்கொண்டே வந்தது. ரசமட்டம் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து அவர் முதுகைக் கேட்கக் குனிந்தாள். இரண்டு பக்கமும் நுரை கொதிக்கிற சத்தம். தண்ணீர் குறைந்தவருக்கு நுரையீரலில் ஏது தண்ணீர்?

அப்போதுதான் அவள் இடுப்பு சுருக்கென்றது. இவ்வளவு தாழக் குனிய வேண்டியதில்லையே இந்தக் கட்டிலுக்கு. இருபது வருடம் இந்த உயரத்தில் குனிந்து நிமிர்ந்த இடுப்புக்கு, கண்ணுக்குத் தெரியாதது தெரிந்துவிட்டது.

கட்டில் இன்னும் ஒரு சாண் இறங்கியே இருந்தது.

அவள் கை முதலில் சலைனை நிறுத்தியது. தலைமாட்டை உயர்த்தியது. ரேடியோவைக் கத்திக் கூப்பிட்டு, ரசமட்டத்தை வாங்கிக் குறிக்கு நேராகப் பெட்டியை இறக்கி மாட்டினாள். இருபத்து ஆறு. போனை எடுத்தாள்.

"டாக்டர், நான் சொன்ன எண் தப்பு. கட்டில் இறங்கியிருந்துச்சு, நான் மட்டம் பாக்கலை. அவருக்கு மூச்சுத் திணறுது. உடனே வாங்க."

டாக்டர் ஓடி வந்தார். ஊசி, இறுக்கமான ஆக்சிஜன் மாஸ்க், பிறகு காத்திருப்பு. மறுபடி செயற்கை மூச்சுக் குழாய் போடவேண்டி வருமோ என்று அதையும் எடுத்துவைத்தார்கள். இரண்டரை மணி நேரம் ரசமட்டம் ஐந்தாம் கட்டிலை விட்டு நகரவில்லை. மூன்று மணி சுமாருக்குச் சிறுநீர்ப் பையில் தண்ணீர் ஏற ஏற, தபால்காரரின் மூச்சு இறங்கிவந்தது. நான்கு மணிக்கு மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கிவிட்டு, "செத்துட்டேனா சிஸ்டர்?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லை."

"அப்ப வீட்ல சொல்லிடாதீங்க. பயந்துடுவா."

ஆனால் மறுநாள் எடுக்கவிருந்த கழுத்துக் குழாய் இன்னும் இரண்டு நாள் இருந்தாக வேண்டும் என்றார் டாக்டர். இரண்டு நாள் கூடுதல் கிருமி பயம். அதுவும் அவள் கணக்கில்தான்.

சம்பவப் படிவம் என்று ஒன்று உண்டு. என்ன நடந்தது, எதனால் நடந்தது என்று எழுதித் தர வேண்டும். ரசமட்டம் அதை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்ததும் ரேடியோ பக்கத்தில் வந்து நின்றாள்.

"உனக்கு என்ன ஆச்சு? பலவீனமான இதயம், நுரையீரல்ல தண்ணி சேர்றது சகஜம்தானே. யாரும் கேக்கலையே. சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கறியே!"

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றியா?"

"சரி எழுது. மட்டம் பாக்க மறந்துட்டேன்னு ஒரு வரி எழுதிட்டு விடு. கட்டிலை எதுக்கு இறக்கினேன்னு எழுதாதே. எழுதினா நாளையிலிருந்து யாரும் இறக்க விடமாட்டாங்க. அந்தப் பத்து நிமிஷம் போச்சு."

இதுதான் ரசமட்டத்தின் தொண்டையில் முள்ளாக நின்றது. தண்டனைக்கு அவள் பயப்படவில்லை. சம்பள உயர்வு நின்றால் நிற்கட்டும். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தை அவள்தான் உண்டாக்கினாள். எத்தனையோ பேர் அந்த ஒரு சாண் இறக்கத்தில் கன்னத்தைத் தொட்டிருக்கிறார்கள். அதில் சிலருக்கு அதுதான் கடைசித் தொடுகை. உண்மையை எழுதினால் அது போய்விடும். எழுதாவிட்டால் நாளைக்கு இன்னொரு நர்ஸ் கட்டிலை இறக்குவாள், இன்னொரு அலாரம் அடிக்கும், இன்னொருவர் மூச்சு நின்றுபோகும்.

எழுதினாள். "வீட்டார் தொடுவதற்காகக் கட்டிலை நான் இறக்கினேன். திரும்ப ஏற்றவில்லை. மட்டம் பார்க்கவில்லை. தப்பான எண்ணை டாக்டருக்குச் சொன்னேன்." கையெழுத்துப் போட்டபோது அங்கேதான் அவளுடைய உண்மைப் பெயர் வந்தது. அதைப் பார்க்க யாரோ மாதிரி இருந்தது.

பிறகு டியூட்டி டாக்டரோடு வெளியே தாழ்வாரத்துக்குப் போனாள். தபால்காரர் மனைவி பிளாஸ்டிக் நாற்காலியில், கால் தரையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். டாக்டர் சொல்ல வாயெடுத்தார். "நானே சொல்றேன்" என்று ரசமட்டம் அந்த அம்மாள் முன்னால் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். ஒன்றுவிடாமல் சொன்னாள். அந்த அம்மாளுக்கு எண்ணும் பெட்டியும் புரிந்திருக்காது. கட்டில் புரிந்தது.

"எனக்காகத்தானே இறக்கினீங்க?" என்று கேட்டார்.

"ஆமாம்மா."

"அப்ப பாதித் தப்பு என்னோடது."

"இல்லம்மா. முழுசும் என்னோடது. நீங்க தலை சீவினீங்க, அவ்வளவுதான்."

அந்த அம்மாள் அழவில்லை. கோபிக்கவும் இல்லை. கோபித்திருந்தால் ரசமட்டத்துக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மடியிலிருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இனிமே நான் அவர் கிட்ட வரக்கூடாதா?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டில் அன்று மேஸ்திரியிடம் சொன்னாள். அவர், "எவ்வளவு எறங்கியிருந்துச்சு?" என்று கேட்டார். "ஒரு சாண்." "ஒரு சாண்ல சுவரே சாஞ்சுடும்மா" என்றார். ஆறுதல் சொல்லத் தெரியாத மனிதர். ஆனால் சாப்பிட்ட பாத்திரங்களைச் சத்தமில்லாமல் அவரே கழுவி வைத்துவிட்டார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பெரிய டாக்டர் அறைக்கு அழைப்பு வந்தது. அவர் கை பட்டால் நின்ற இதயமும் ஓடும் என்று ஊரே சொல்லும். கோபம் வந்தால் ஓடுகிற இதயமும் நிற்கும் என்று வார்டு சொல்லும். படிவத்தை இரண்டு முறை படித்தார்.

"நீங்களா எழுதலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"அது எனக்கும் தெரியும் டாக்டர். அதனாலதான் எழுதினேன்."

"பெட்டியைக் கட்டிலோடயே மாட்ட முடியாதா? கட்டில் இறங்கினா அதுவும் இறங்கட்டுமே."

"இந்தக் கட்டில்ல அதுக்கு வசதி இல்லை டாக்டர். புதுசு கேட்டு எழுதி ரெண்டு வருஷமாச்சு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்களைத் தண்டிச்சா நாளைக்கு எவளும் உண்மை எழுதமாட்டா. அதனால விடறேன். ஆனா இன்னையிலிருந்து, கழுத்துல குழாய் இருக்கிற எந்தக் கட்டிலும் விசிட்டர் நேரத்துல ஒரு அங்குலம்கூட அசையக் கூடாது. புரியுதா?"

"புரியுது டாக்டர்."

போகலாம் என்று தலையாட்டினார். அவள் போகவில்லை.

இந்த இடத்தில் ஒரு ரகசியத்தைச் சொல்ல வேண்டும். பெரிய டாக்டர் பெரியவர் என்பது திறமையில்தான். உயரத்தில் ஐந்தடி. ஆபரேஷன் மேசைக்கு எட்ட, தியேட்டரில் அவர் ஏறி நிற்க இரண்டு தட்டு இரும்புப் படி ஒன்று உண்டு. அதற்கு யாரும் பெயர் சொல்வதில்லை. 'அது' என்பார்கள். "அது வந்தாச்சா?" "வந்தாச்சு." அவர் உள்ளே நுழைவதற்கு முன் அது மேசைக்கடியில் போயிருக்கும். அவர் திரும்பிப் பார்க்காமல் ஏறுவார், எல்லோரும் வேறெங்கோ பார்ப்பார்கள். இருபது வருடமாக அந்த மருத்துவமனையில் அவர் முகத்துக்கு நேரே அதைப் பற்றிப் பேசிய ஆள் கிடையாது.

"கட்டில் அசையாது டாக்டர்" என்றாள் ரசமட்டம். "ஆனா அஞ்சாம் கட்டில் அம்மா ரொம்பக் குள்ளம். அவங்களுக்கு முழங்கைதான் எட்டும். உங்க தியேட்டர்ல இருக்கிற படியைப் பதினோரு மணிக்குப் பத்து நிமிஷம் குடுத்தீங்கன்னா, கட்டிலை இறக்காம ஆளை ஏத்திடலாம். இரும்புதான், மருந்து போட்டுத் துடைச்சு அனுப்பிடுவேன்."

கதவருகே ஃபைலோடு நின்ற டியூட்டி டாக்டர் கூரையைப் பார்க்க ஆரம்பித்தார். பெரிய டாக்டரின் காது சிவந்தது. மேசை விளிம்பை விரலால் தட்டினார். எதிரே நிற்கிறவளின் முகத்தில் கேலி இருக்கிறதா என்று தேடினார். அங்கே இராத்திரி முழுக்கத் தூங்காத இரண்டு கண்கள்தான் இருந்தன.

"எவ்வளவு குள்ளம்?" என்று கேட்டார்.

"நாலரை அடி டாக்டர்."

"மேல் தட்டுல நிக்கச் சொல்லுங்க. கீழ் தட்டு பத்தாது. கைப்பிடி கிடையாது, பக்கத்துல ஒரு ஆள் நிக்கணும்." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "எனக்குத் தெரியும்" என்றார்.

பதினொரு மணிக்குப் படி வந்தது. ரசமட்டம் அதை மேலும் கீழும் துடைத்து ஐந்தாம் கட்டிலருகே போட்டாள். அதற்கு முன்பே கட்டிலின் கால் மிதியை ரேடியோ ஒரு துணியால் சுற்றிக் கட்டிவிட்டாள், வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே. தபால்காரர் மனைவி வாசலில் தயங்கி நின்றார். படியைப் பார்த்தார், ரசமட்டத்தைப் பார்த்தார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தானே ஏறினார். மேல் தட்டில் நின்றதும் கணவரின் முகம் அவருக்குக் கீழே இருந்தது.

தபால்காரர் கண்ணைத் திறந்தார். "இது யாரு? என் பொண்டாட்டி இவ்வளவு ஒசரம் இல்லையே."

"வாயை மூடுங்க. தலை எப்படி இருக்கு பாருங்க, கூடு மாதிரி." சீப்பை எடுத்தார். சீவும்போதுதான் அந்த அம்மாளுக்குக் கண்ணீர் வந்தது. நேற்று முழுவதும் அடக்கி வைத்தது. அது கணவரின் நெற்றியில் விழ, அதையும் சேர்த்தே சீவினார்.

ரசமட்டம் இரண்டடி தள்ளி நின்றாள். அதற்கு மேல் கிட்டே போக அவளுக்குத் துணிவு வரவில்லை. தன் முகத்தைப் பார்க்கவே அந்த அம்மாளுக்குப் பிடிக்காமல் இருக்கலாம் என்று நினைத்தாள். பிடிக்காவிட்டால் அதில் நியாயம் இருக்கிறது என்றும் நினைத்தாள்.

எட்டாவது நிமிடம் பெரிய டாக்டரே தியேட்டர் உடையில் உள்ளே வந்தார். அங்கே நோயாளி தயார், மேசை தயார், 'அது' மட்டும் இல்லை. யாரை அனுப்பிக் கேட்பது என்று தெரியாமல் தானே வந்திருந்தார். வந்தவர் படிமேல் நிற்கும் அம்மாளைப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு டாக்டர்" என்றாள் ரசமட்டம்.

"அவசரமில்லை. அங்க இருக்கிறவருக்கு இன்னும் மயக்க மருந்து குடுக்கலை" என்று கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி ஓரமாக நின்றுகொண்டார்.

பத்து நிமிடம் முடிந்தது. அந்த அம்மாள் சீப்பைப் பைக்குள் வைத்தார். ஏறும்போது இருந்த வேகம் இறங்கும்போது இல்லை. ஒரு காலைக் கீழே விட்டுத் தேடினார், தரை தட்டுப்படவில்லை. பெரிய டாக்டர் சட்டென்று முன்னால் போய்க் கையை நீட்டினார். அந்தப் படியில் இறங்குவதன் கஷ்டம் அவருக்குத் தெரியும்.

அந்த அம்மாள் அந்தக் கையைப் பிடிக்கவில்லை.

"இருங்க டாக்டர்" என்றார். திரும்பி, இரண்டடி தள்ளி நின்றவளைப் பார்த்தார். "சிஸ்டர், நீங்க வந்து புடிச்சுக்கோங்க. நாளைக்கும் நீங்கதானே இருப்பீங்க?"

ரசமட்டம் தலையை ஆட்டிக்கொண்டே கிட்டே போய் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அந்த அம்மாள் தன் எடை முழுவதையும் அவள்மேல் போட்டு, மெதுவாக இறங்கினார்.